பின்கதவைத் தேடிய பைலட்

அக்காவுக்கு ஆகாயத்தில் ஒரு குறையும் இல்லை. தரையில்தான் வம்பு. இறங்கியபிறகு ரன்வேயிலிருந்து ஷெட்டுக்கு வரும் அந்தக் கொஞ்ச தூரத்தில் விமானம் குடித்துவிட்டு வீடு திரும்பும் ஆள் மாதிரி அலையும். காரணம் நாங்கள் விமானம் ஓட்டக் கற்கும் கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறவர். அகலமான ஸ்டியரிங்கைத் தோளிலிருந்து இழுத்து வளைத்தே வருஷக்கணக்கில் பழகிய உடம்பு. சின்ன விமானத்தைத் தரையில் காலால்தான் திருப்ப வேண்டும். கையிலிருக்கும் பிடியை எவ்வளவு முறுக்கினாலும் அது பாட்டுக்கு நேராகப் போகும். அக்கா முறுக்குவார். விமானம் நேராகப் போய்ப் புல்லில் இறங்கும்.

"மேடம், கால்! கால்! கையை எடுத்து மடியில வைங்க!" என்று பயிற்சியாளர் கத்துவார்.

"வெச்சிட்டேன் தம்பி."

"உள்ள இருக்கும்போது தம்பி இல்ல. சார்."

"வெச்சிட்டேன் சார். ஆனா கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குதே."

பயிற்சியாளருக்கு அக்காவின் வயதில் பாதிகூட இருக்காது. அதனால் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். விமானத்தின் கதவு சாத்தியிருக்கும்வரை அவர் "சார்", இவர் "மேடம்". கதவு திறந்து கால் தரையில் பட்டால் அவர் "தம்பி", இவர் "அக்கா". உள்ளே வாங்கிய திட்டுக்கெல்லாம் வெளியே வந்ததும் அக்கா வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுப்பார். "என்ன தம்பி, சட்டைல பட்டனைக் காணோம்? ஊருக்கெல்லாம் செக் லிஸ்ட் படிக்கிறீங்க, உங்களுக்கு ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?"

கிளப் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு விமானங்கள், ஸ்பிரிங் வெளியே தலைகாட்டும் ஒரு சோபா, தண்ணீர் கொதிக்க வைக்கும் ஒரு கெட்டில். வாசலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டும் துணிக்குழாய், வெயிலில் வெளுத்துப்போய். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப்.

அந்த ஸ்டாப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அக்கா ஓட்டும் தடத்துக்கு அது கடைசி நிறுத்தம். வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, டீ ஆறும்வரை வேலியில் சாய்ந்து விமானங்கள் இறங்குவதைப் பார்ப்பாராம். ஒருநாள் கேட்டுக்குப் போய், "வெளியாளுங்க உள்ள வரலாமா?" என்று கேட்டிருக்கிறார். யாரோ ஒருவர் சும்மா விமானத்தில் ஒரு சுற்று கூட்டிப் போயிருக்கிறார். ஏன் கற்றுக்கொள்ள ஆரம்பித்தீர்கள் என்று நான் எத்தனையோ தடவை குடைந்திருக்கிறேன். பெரிய பதிலாக எதிர்பார்த்தேன். "அங்க சிக்னல் இல்ல. அதான்" என்றார்.

ஆனால் அந்தச் சிக்னல் இல்லாத இடத்துக்குப் போக அவர் படும் பாட்டைப் பார்த்தால் நமக்கே கண் சொக்கும். விடிவதற்கு முன் டிப்போ. காலை ஷிஃப்ட் முடிந்து மதியம் கிளப். பறக்கும் செலவுக்காக, யாராவது லீவு போட்டால் அந்த டியூட்டியும் அக்காவுக்கு. எங்கள் சோபாவில் உட்கார்ந்தார் என்றால் சீருடைச் சட்டையோடு அப்படியே சரிந்துவிடுவார். வாய் கொஞ்சம் திறந்திருக்கும். மடியில் வரைபடம். பயிற்சியாளர் வந்து தொண்டையைச் செருமினால், "தூங்கல, கண்ணை மூடி லேண்டிங் போட்டுப் பாத்துட்டு இருந்தேன்" என்பார்.

வீட்டிலும் இதே பேச்சுத்தான். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். சமையலறை மேசையில் வெங்காயத் தோலுக்கும் விமான வரைபடத்துக்கும் நடுவே தட்டு வைக்க இடம் தேட வேண்டியிருந்தது.

"பறக்கணும்னா எக்ஸ்ட்ரா டியூட்டி பாக்கணும்ங்கிறா. எக்ஸ்ட்ரா டியூட்டி பாத்தா பறக்கத் தெம்பு இல்லைங்கிறா. இது என்ன கணக்குன்னு நீங்களாவது சொல்லுங்க" என்று என்னிடம் முறையிட்டார் அவர். "நானும்தான் தினம் ஆளுங்களை மேல ஏத்தி இறக்குறேன். எனக்கு எவனாவது பரீட்சை வெச்சானா?"

"உங்க லிஃப்ட்டு நடுவுல நின்னா மணி அடிச்சா போதும். என்னுது நின்னா?" என்றார் அக்கா.

அவர்களுடைய மகள் பள்ளியில் பெரிய வகுப்பு படிக்கிறாள். அம்மாவைக் கேள்வி கேட்பது அவள் பொறுப்பு. ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் கரண்டி.

"பறந்துட்டு இருக்கும்போது இன்ஜின் நின்னுபோச்சு. முதல்ல என்ன பண்ணுவ?"

"எல்லாரும் இறங்கி அடுத்த வண்டில வாங்கன்னு சொல்லுவேன்."

"அம்மா!"

"சரி சரி. மூக்கை இறக்கி வேகத்தைப் பிடிப்பேன். அப்புறம் இறங்க ஒரு வயல் பாப்பேன். அப்புறம் ஏன் நின்னுச்சுன்னு பாப்பேன்."

"வயல்ல மாடு நிக்குது."

"ஹார்ன் அடிப்பேன்."

"விமானத்துல ஹார்ன் கிடையாதும்மா!"

"அதான் எனக்குப் பெரிய குறை."

நான் சிரித்துச் சிரித்துப் புரையேறினேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் கை வைத்தபடியே தூங்கியிருந்தார். மகள் சத்தம் காட்டாமல் அந்தத் தட்டை நகர்த்திவிட்டு, தலைக்குக் கீழே தன் கையைக் கொடுத்தாள். பழகிப்போன வேலை போலச் செய்தாள்.

லேண்டிங்கில் ஒரு சிக்கல் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். தரை நெருங்கும்போது மூக்கை மெல்லத் தூக்கி, சக்கரத்தைப் பூப்போல வைக்க வேண்டும். அக்கா சீக்கிரமே தூக்கிவிடுவார். விமானம் ஓர் ஆள் உயரத்தில் தயங்கி நின்று தொப்பென்று விழும். பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொள்வார். ஒருநாள் அக்காவே கண்டுபிடித்தார். பஸ்ஸில் அவர் சீட் உயரம். அந்த உயரத்திலிருந்து ரோட்டைப் பார்த்தே கண் பழகியிருக்கிறது. சின்ன விமானத்திலோ உட்கார்ந்தால் பாயில் உட்கார்ந்த மாதிரி. பஸ் உயரத்தில் ரோடு எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்ததும் கை தானாகத் தூக்கிவிடுகிறது. அதன்பிறகு டியூட்டி முடிந்ததும் ரன்வே ஓரத்துப் புல்லில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, தரையைத் தரையின் உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். சீருடையில், பாதிக் கண் மூடி. எத்தனை மதியங்கள்! டிப்போவில் இந்தச் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்து, "என்ன பைலட்டம்மா, புல்லு மேயுறீங்களாமே" என்று ஒரு கூட்டம் ஓட்டியதாம். ஆனால் லேண்டிங் திருந்தியது. எனக்கெல்லாம் இன்னும் அப்படி ஒரு லேண்டிங் வரவில்லை, சத்தியமாக.

கடைசியில் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். பைலட் லைசென்ஸுக்கு முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறி, குறிப்பிட்ட காலத்துக்குள் செய்முறைத் தேர்வையும் முடித்துவிட வேண்டும். தாண்டினால் எழுதியதெல்லாம் செல்லாது, மறுபடியும் முதலிலிருந்து. அக்காவுக்கு அந்தக் கெடு அந்த மாதத்தோடு முடிகிறது. தேர்வு அதிகாரியோ ஊர் ஊராகப் போகிறவர், எங்கள் மைதானத்துக்கு அபூர்வமாகத்தான் வருவார். அந்த மாதத்தில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கொடுத்தார். விட்டால் அக்காவின் அத்தனை புத்தகமும், அத்தனை எழுத்துத் தாள்களும் போச்சு.

அந்த நாளில் அக்காவுக்கு டியூட்டி. டிப்போவில் லீவு கேட்டால் கிடைக்காது, ஆள் மாற்றிக்கொள்ளலாம். உன் டியூட்டியை நான் பார்க்கிறேன், என்னுடையதை நீ பார். இன்னொரு ஓட்டுநர் ஒத்துக்கொண்டார். பதிலுக்கு முதல்நாள் மாலை அவருடைய டியூட்டியை அக்கா பார்க்க வேண்டும். தன் காலை டியூட்டியோடு சேர்த்து. "மாத்து கொடுக்கிறவன் சும்மாவா கொடுப்பான்?" என்றார் அக்கா. ஆக, தேர்வுக்கு நேரம் வாங்கக் கொடுத்த விலையே தூக்கம்தான். அந்த மாலை ஷிஃப்ட்டில் வண்டி வேறு நடுவழியில் பழுதாகிப் படுத்துவிட்டது. மாற்று வண்டி வரும்வரை பயணிகளின் வசவை வாங்கிக்கொண்டு நின்று, வீடு சேர்ந்தபோது படுத்து எழுந்திருக்கும் அளவுக்கு நேரம் மிச்சமில்லை. குளித்துவிட்டு நேராகக் கிளப்புக்கு வந்துவிட்டார்.

அன்று காலை நானும் கிளப்பில் இருந்தேன். காற்றே இல்லை. வானம் துடைத்துவிட்ட கண்ணாடி. இப்படி ஒரு நாள் கிடைக்காதா என்று மாணவர்கள் ஏங்கும் நாள். தேர்வு அதிகாரி ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார், கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருப்பார். வாய்மொழித் தேர்வு கொட்டகைக்குள்ளேயே நடந்தது. அக்கா பிய்த்து உதறினார். மேகம், எடை, எரிபொருள், யாருக்கு யார் வழிவிட வேண்டும், எல்லாம் சரம் சரமாக வந்தது. வழிவிடும் விதிகளைச் சொல்லும்போது மட்டும், "ரோட்டுல இப்படி எவன் விடுறான் சார்" என்று ஒரு வார்த்தை நழுவியது. அதிகாரி சிரித்துவிட்டார்.

"விமானத்தைச் சோதிக்கிறதுக்கு முன்னாடி உங்களை நீங்க என்ன சோதிப்பீங்க?" என்று கேட்டார்.

"உடம்பு சரியா இருக்கா, ஏதாவது மாத்திரை போட்டிருக்கேனா, மனசுல கவலை இருக்கா, குடிச்சிருக்கேனா, களைப்பா இருக்கேனா, சாப்பிட்டேனா."

"நல்லது. இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

"ஃபிட் சார்."

டக்கென்று வந்தது பதில். பிறகு அக்கா எனக்கு விளக்கினார். டிப்போவில் தினமும் சாவி வாங்கும்போது அங்கே இருப்பவர் தலை நிமிராமலேயே கேட்பார், "ஃபிட்டா?" என்று. ஓட்டுநர்களும் கை நீட்டிக்கொண்டே "ஃபிட்" என்பார்கள். காய்ச்சலோ, அழுகையோ, தூக்கமோ, எது இருந்தாலும் அந்த வார்த்தைதான் வரும். இல்லையென்றால் சாவி வராது, அன்றைய சம்பளமும் வராது. அது பதிலே இல்லை, தும்மினால் கைக்குட்டை எடுப்பது மாதிரி என்றார்.

"சரி, போய் விமானத்தைப் பாருங்க. நான் பின்னாடியே வர்றேன்" என்றார் அதிகாரி.

பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இறக்கைக்கு அடியில் கொஞ்சம் எரிபொருளை வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது, ஆயில் அளவு, இறக்கையின் ஓரத்தில் அசையும் மடிப்புகள், வால். அந்த வரிசையை அக்கா தூக்கத்திலும் சொல்லுவார். அன்று நான் சோபாவை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அக்கா போய் முன்சக்கரத்தைக் காலால் ஓர் உதை உதைத்தார். பிறகு பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. குனிந்து அடியில் ஆயில் சொட்டுகிறதா என்று பார்த்தார். முன்விளக்கு. எரிபொருள் வடிக்கும் குழாயை எடுக்கவே இல்லை. இறக்கையைத் தலை குனிந்து கடந்து, நேராக நடந்து வால் பக்கம் போனார். அங்கே நின்றார். விமானத்தின் உடம்பின் மேல் கையை வைத்து நீளத்துக்குத் தடவிக்கொண்டே வந்தார். திரும்பவும் தடவினார். குழந்தை இருட்டில் சுவிட்ச் தேடுவதுபோல.

"என்ன பண்றாங்க?" என்றார் பயிற்சியாளர்.

அதிகாரி கிட்டே போய்விட்டார். "ஏதாவது பிரச்சினையா மேடம்?"

"பின்கதவைத் தேடுறேன் சார்" என்றார் அக்கா. "சரியா மூடியிருக்கான்னு."

அதிகாரி பெரிதாகச் சிரித்தார். வழிவிடும் விதி மாதிரி இதுவும் ஒரு பஸ் ஜோக் என்று நினைத்துவிட்டார். பயிற்சியாளரும் மூச்சு விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அக்காவும் அந்தச் சிரிப்போடு சேர்ந்துகொண்டு, எரிபொருள் குழாயை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. காற்று இல்லை, வானம் சுத்தம், எழுதிப் பாஸான தாள்களுக்கு இன்னும் சில நாள் உயிர் இருக்கிறது.

அக்கா சிரிக்கவில்லை. விமானத்தின் பக்கவாட்டில் கையை வைத்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அவருக்கே தெரிந்ததாம், தான் டிப்போவில் இல்லை என்று.

"சார், உள்ள ஃபிட்டுன்னு சொன்னேன்ல. அது பொய். நான் நேத்து பூரா வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன். தூங்கல. இப்ப நெஜமாவே கதவைத்தான் தேடுனேன்."

அதிகாரியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. பயிற்சியாளர் ஓட ஆரம்பித்தார். நானும் எழுந்து ஓடினேன்.

"அக்கா, அவசரப்படாதீங்க. ஒரு காபி குடிங்க. முகம் கழுவுங்க. பத்து நிமிஷம் உக்காருங்க. இன்னைக்கு விட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்றார் பயிற்சியாளர்.

"தெரியும் தம்பி. காபி கண்ணைத்தான் திறக்கும். உள்ள இருக்கிறவ தூங்கிட்டுத்தான் இருப்பா."

"சார், மத்தியானத்துக்கு மேல வெச்சுக்க முடியாதா? அவங்க கொஞ்சம் தூங்கி எழுந்திருக்கட்டும்" என்று பயிற்சியாளர் கெஞ்சினார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. தன் தேர்வுக்குக்கூட அவர் அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டார்.

அதிகாரி பேனா மூடியைத் திருகினார். மத்தியானம் வேறு மைதானத்தில் வேறு தேர்வு. இந்த மாதத்தில் வேறு நாளும் இல்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார், சொல்லவே பிடிக்காதவர் மாதிரி. "நான் இதை ஃபெயில்னு எழுத மாட்டேன். பாதில நிறுத்தினதா எழுதுறேன்."

"பாஸும் இல்லையே சார்."

"இல்ல மேடம்."

"அப்ப எழுத்துத் தேர்வெல்லாம் போச்சு."

"ஆமா. போச்சு."

அக்கா தலையாட்டினார். அழவில்லை. நான்தான் அழுதுவிட்டேன். நானாக இருந்தால் ஏறிப் பறந்திருப்பேன் என்று அப்போதே எனக்குத் தெரியும். அக்கா வரைபடத்தை மடித்து உறையில் போட்டு, முன்சக்கரத்துக்குக் கட்டையை வைத்தார். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்.

அவருடைய கணவர் வந்து கூட்டிப் போனார். நானும் காரில் ஏறிக்கொண்டேன், தனியாக விட மனசு வரவில்லை. அவர் கேலிகூடச் செய்யாமல் காரை ஓட்டினார். வீட்டுக்குள் நுழைந்ததும் மகள்தான் குதித்தாள்.

"ஒரு மணி நேரம்தானேம்மா! கண்ணை முழிச்சுப் பறந்துட்டு வந்திருக்கலாம்ல? பஸ்ஸுல தினமும் அப்படித்தானே ஓட்டுற? அதுல அத்தனை பேரு இருக்காங்க. இதுல உன் பின்னாடி யாருமே இல்ல!"

அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு செருப்பு காலில், ஒன்று கையில்.

"அதைத்தான்டி வழி பூரா யோசிச்சுட்டு வந்தேன்" என்றார். "பஸ்ஸுல அத்தனை பேரு இருக்காங்க."

அக்கா போய்ப் படுத்தார். நான் வெகுநேரம் சமையலறையில் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மதியம் ஏதோ விசாரிக்கும் சாக்கில் மறுபடி போனேன். வாசலிலேயே சண்டை கேட்டது. அக்கா அப்போதுதான் எழுந்திருக்கிறார். தலை கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு.

"மணி இவ்வளவு ஆச்சு, எழுப்ப மாட்டீங்களா? காலை டியூட்டி என்னாச்சு?"

"டிப்போவுக்குப் போன் பண்ணி அவ வர மாட்டான்னு சொல்லிட்டேன்" என்றார் கணவர்.

"என்னன்னு சொன்னீங்க?"

"தூங்கிட்டு இருக்கா, வண்டி ஓட்டுற நிலைமைல இல்லன்னு."

"ஐயோ! காய்ச்சல்னு சொல்லக் கூடாதா? வயித்து வலின்னு சொல்லக் கூடாதா? தூங்குறான்னா சொல்லுவாங்க? என் மானமே போச்சு!"

"நீ நேத்து அவ்வளவு பெரிய ஆபீசர்கிட்ட சொன்ன. நான் டிப்போல சொல்லக் கூடாதா?"

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதார். நேற்று வராத அழுகை. தேர்வுக்காகவா, டிப்போவுக்காகவா, இனி எக்ஸ்ட்ரா டியூட்டியைக் குறைத்தால் எப்போது பறப்பது என்ற கணக்குக்காகவா, எனக்குத் தெரியவில்லை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மறுபடி எழுதணுமா?" என்றார்.

"எழுதணும். எல்லாத்தையும்."

"மெதுவா எழுது. லிஃப்ட்டு எங்க போகப் போகுது."

"அது லிஃப்ட்டு இல்லங்க" என்று மூக்கை உறிஞ்சினார் அக்கா.

"சரி, ஏதோ ஒண்ணு."

சாப்பிடச் சொன்னார்கள். பாதி சாப்பிட்டார். யார் என்ன சொன்னாலும் கேட்காமல் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். எழுத்துத் தேர்வுக்கு அடுத்து எப்போது பெயர் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார். நான் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். "அவசரமில்ல, தூங்கி எழுந்து கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வெயில் சுள்ளென்று அடிக்கும் அந்த மதியத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி மறுபடியும் படுத்துக்கொண்டார்.